ஸ்கார் உச்சியில் ஒரு பெயர்

தான் வழிகாட்டி அழைத்துவந்த சுற்றுலாக்காரர்கள் ஆறு பேரும் ஸ்கார் மலை உச்சியில் நின்று, மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கிற கடற்கழியான ஃபியோர்டைப் படம் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், ரங்னா கற்குவியலுக்குள் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, நோட்டை எடுத்து, தன் கணவன் பெயரை எழுதினாள். கணவன் அங்கே இல்லை. கீழே, தண்ணீரோரத்து வீட்டில், சமையலறை ஜன்னலருகே காபியோடு உட்கார்ந்திருப்பான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

‘ஹால்வர் நெஸ், 8.40’ என்று அவன் எழுதுகிற மாதிரியே இடப்பக்கம் சாய்த்து எழுதினாள். அதற்குக் கீழே தன் பெயர், 11.20. இது நான்காவது தடவை. முதல் தடவை அவசரத்தில் பென்சில் முனை ஒடிந்தது. இரண்டாவது தடவை சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள். இப்போது தொழில் பழகிவிட்டது. தொப்பி போட்ட ஒரு அம்மாள் வந்து, நாங்களும் எழுதலாமா என்று கேட்டபோது முகம் மாறாமல் பென்சிலை நீட்டினாள். அந்த அம்மாள் எதிர்மலை அருவியைக் காட்டி, ராத்திரியில் அதை நிறுத்திவிடுவார்களா என்றும் கேட்டாள். இதே கேள்வியை இந்தக் கோடையில் மட்டும் பதினேழு பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்றாள் ரங்னா.

லோன்விக் ஊரைச் சுற்றிப் பத்து மலைகளில் இப்படிப் பெட்டி உண்டு. ஊர் விளையாட்டுக் கழகம் வைத்தது. மே முதல் செப்டம்பர் முடிய பத்திலும் ஏறிப் பெயர் எழுதியவர்களுக்கு அக்டோபரில் ஊர்மன்றத்தில் விருந்து வைத்து, ஆளுக்கொரு காபிக் கோப்பை தருவார்கள். எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரணக் கோப்பைதான். ஆனால் அதை வாங்காதவர்கள் லோன்விக்கில் வாய் திறந்து மலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது. இருபது ஆண்டு விடாமல் வாங்கியவர் பெயரை மன்றத்துச் சுவரில் பதித்த கல்லில் வெட்டுவார்கள். அந்தக் கல்லில் இதுவரை மூன்றே பெயர்கள். நான்காவதாக இந்த ஆண்டு ஹால்வர் பெயர் வர வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் படகுத்துறையில் நின்று, கார்களைப் பெரிய படகுக்குள் ஏற்றி இறக்கியவன் ஹால்வர். மூன்று வருஷத்துக்கு முன்பு மலையைக் குடைந்து சுரங்கச் சாலை போட்டார்கள். படகு போய்விட்டது, படகோடு வேலையும் போய்விட்டது. மிச்சம் இருந்தது மலைகள்தான். இந்த ஜூனில் ஆறாவது மலை இறங்கும்போது முழங்கால் வீங்கிக்கொண்டது. இந்த வருஷம் மலைப் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் வீட்டுக்கு வந்தான். முன்பு படகு வந்து நிற்கிற இடத்தைப் பார்த்தபடி ஜன்னலருகே உட்கார்ந்தான். சவரம் செய்துகொள்வதை விட்டான். வானொலியில் செய்தி வந்தால் அணைத்தான். ரங்னா பயந்துபோனாள். இவன் இப்படியே உட்கார்ந்து செத்துப்போவான் என்று அவளுக்குத் தோன்றியது. ஜூலையில் ஏழாவது மலைக்குச் சுற்றுலாக்காரர்களை அழைத்துப் போனபோது, யோசிக்காமல் அவன் பெயரையும் எழுதிவிட்டாள்.

அக்டோபரில் பெயரைப் படித்து மேடைக்குக் கூப்பிட்டால் ஹால்வர் என்ன செய்வான், கோப்பையைக் கையில் வாங்குவானா, தூக்கி எறிவானா, இதையெல்லாம் அவள் யோசிக்கவே இல்லை. முன்கூட்டி ஒரு நாள், அவன் மனசு நன்றாக இருக்கும்போது பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். அவன் மனசு நன்றாக இருக்கிற நாள் வரவே இல்லை. பெயர்கள் மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போயின.

மூன்று மணிக்குச் சுற்றுலாக்காரர்களை அவர்கள் வந்த கப்பலில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தாள். ஹால்வர் இல்லை. பூட்ஸ் இல்லை, ஊன்றுகோல் இல்லை. சின்னப் பையையும் காணோம். கார் வாசலில்தான் நின்றது. படகுக் கொட்டகைக் கதவு எப்போதும் போல் சாத்தியிருந்தது. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரப் போயிருக்கிறான், நல்லதுதான் என்று சந்தோஷப்பட்டாள். உருளைக்கிழங்கை வேகவைத்தாள். நாலரைக்கு மழை பிடித்துக்கொண்டது. செப்டம்பர் மழை, எலும்பு வரைக்கும் இறங்குகிற மழை. ஐந்து மணி ஆகியும் அவன் வரவில்லை. அஸ்லாக்குக்குப் போன் செய்தாள்.

லோன்விக்கில் எது நடந்தாலும் அஸ்லாக்தான். டயர் பட்டறை வைத்திருப்பவன், விளையாட்டுக் கழகத் தலைவன், மலை மீட்புக் குழுவுக்கும் அவனே தலைவன். பேசுவது குறைவு. வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை, மே மாதம் பெட்டிகளுக்குப் புது நோட்டு வைக்கிற அன்று, ஊர்மன்றத்தில் எழுந்து நின்று அதே பேச்சைப் பேசுவான். கோப்பை எல்லாம் விளையாட்டு, நோட்டு விளையாட்டு இல்லை. ஆள் காணாமல் போனால் நாம் முதலில் பார்ப்பது நோட்டைத்தான். அதில் இருக்கிற பெயரை நம்பித்தான் நாம் மலையில் கால் வைக்கிறோம். இருபது வருஷமாக அரைத்த மாவு. யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை, வாஃபிள் பலகாரம் எப்போது வரும் என்று பார்ப்பார்கள். ரங்னாவும் அப்படித்தான் பார்த்திருக்கிறாள்.

ஆறு மணிக்குள் ஊர்மன்றச் சமையலறையில் பதினான்கு பேர் கூடிவிட்டார்கள். ஆரஞ்சு நிற மேலங்கி, தலையில் கட்டுகிற விளக்கு, கயிறு, ஒரு நாய். அஸ்லாக் மேஜைமேல் வரைபடத்தை விரித்தான். மேகம் இறங்கியிருப்பதால் ஹெலிகாப்டர் இப்போதைக்கு வராது என்று போலீஸ்காரர்கள் சொல்லிவிட்டிருந்தார்கள். கால் சரியில்லாதவன் எந்தப் பக்கம் போயிருப்பான் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்போது அஸ்லாக்கின் போன் அடித்தது. அவன் மகள் இங்கெபோர் ஓட்டக்காரி. பக்கத்து மலைகளின் நோட்டைப் பார்க்க அவளை முதலிலேயே அனுப்பியிருந்தான். அவள் ஸ்கார் உச்சியிலிருந்து பேசினாள்.

அஸ்லாக் போனைக் கீழே வைத்துவிட்டு, பதினான்கு பேருக்கும் கேட்கும்படி சொன்னான்.

“ஹால்வர் பேர் ஸ்கார் நோட்டுல இருக்கு. இன்னிக்குத் தேதி. காலையில எட்டு நாப்பது.”

சமையலறையில் எல்லாரும் மூச்சை விட்டார்கள். இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ரங்னாவுக்கு மட்டும் மூச்சு நின்றது. அஸ்லாக் அவள் பக்கம் திரும்பினான்.

“நீயும் இன்னிக்கு அங்கதானே போனே. பதினொன்னு இருபதுன்னு உன் பேர் இருக்கு. வழியில அவனைப் பார்த்தியா?”

கேள்வி அவ்வளவுதான். ‘இல்லை’ என்பதுதான் பதில். ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி வரும், அப்புறம் எப்படி அவன் பெயர் அங்கே வந்தது என்று. பதினான்கு பேர் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பன்னிரண்டு பேர் வீட்டில் கோப்பை இருந்தது. ஒவ்வொரு கோப்பைக்கும் அவர்கள் பத்து மலை ஏறி இறங்கியிருந்தார்கள். ஹால்வர் எங்கேயாவது கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் தன் அக்கா வீட்டுக்கு யாருடைய காரிலாவது ஏறிப் போயிருப்பான், ஒரு மணி நேரத்தில் வந்து நிற்பான் என்று ரங்னா நினைத்தாள். வந்து நிற்கிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். பத்தொன்பது வருஷமும் இப்படித்தானா, எல்லாம் பெண்டாட்டி எழுதினதுதானா என்று கேட்கும். அதை அவன் தாங்க மாட்டான். இதெல்லாம் ஒரு நொடியில் அவள் மனதில் ஓடியது.

“பார்த்தேன்,” என்றாள். “இறங்கி வந்துட்டு இருந்தான். மேல ஏரிக்குப் போய்க் கொஞ்ச நேரம் தூண்டில் போடறேன்னு சொன்னான்.”

அவள் வாயிலிருந்து அது எவ்வளவு சரளமாக வந்தது என்பதை நினைத்தால் இன்றும் அவளுக்கு உடம்பு கூசும். ஏரி எங்கிருந்து வந்தது, தூண்டில் எங்கிருந்து வந்தது, அவளுக்கே தெரியாது. அஸ்லாக் வரைபடத்தில் ஸ்கார் ஏரியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டான். பத்து நிமிஷத்தில் பதினோரு பேரும் நாயும் கிளம்பிவிட்டார்கள். கடைசியாகப் போனவன் ரங்னாவின் தோளைத் தட்டி, கவலைப்படாதே, கொண்டுவந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்தத் தட்டு அவளுக்கு அடி மாதிரி விழுந்தது.

அவள் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். மிச்சம் இருந்த மூன்று பெண்கள் வாஃபிள் சுட்டார்கள். மீட்புக் குழு மலைக்குப் போனால் லோன்விக்கில் வாஃபிள் சுடுவார்கள், அது இல்லாமல் யாரையும் மீட்க முடியாது என்கிற மாதிரி. ஜன்னலுக்கு மேலே அலமாரியில் ரேடியோ இருந்தது. அது அவ்வப்போது கரகரவென்று பேசியது. காட்டைத் தாண்டிவிட்டோம். பாலத்துக்கு வந்துவிட்டோம். ஏரியின் தென்கரையில் ஒன்றும் இல்லை. ரங்னா ஒவ்வொரு செய்தியையும் கேட்டாள். இவர்கள் ஹால்வர் காலே வைக்காத இடத்தில் ஹால்வரைத் தேடுகிறார்கள் என்பது தெரிந்தும் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை நாற்காலியிலிருந்து எழுந்தாள். இரண்டு தடவையும் யாரோ உட்காரு உட்காரு, காபி போடுகிறேன் என்றார்கள், அவளும் உட்கார்ந்துவிட்டாள். காபியைக் காட்டித் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். அக்கா வீட்டுக்குப் போன் செய்தாள், அங்கே அவன் வரவில்லை. அப்போதும் சொல்லவில்லை. வெளியே மழை நின்று இருட்டத் தொடங்கியது. பக்கத்து அறையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நூருன் வந்தாள். ஊரில் இருக்கிற ஒரே கடை அவளுடையது. கடையைச் சாத்திவிட்டு, விற்காமல் போன ரொட்டிகளைப் பெரிய பையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். பேச்சுக்காரி. ரொட்டியை அறுத்துப் பழுப்புச் சீஸ் வைத்துக்கொண்டே ரங்னாவிடம் சமாதானம் சொன்னாள்.

“காலையில கடை திறந்தப்பவே வந்துட்டான். முதல் ஆள் அவன்தான். கால் சரியாயிடுச்சான்னு கேட்டேன். ஏன்னு கேட்டான். புதன்கிழமை பிரைனிப்பே ஏறிட்டியாமே, வியாழக்கிழமை நான் போனப்ப நோட்டுல உன் பேரைப் பார்த்தேனே, இருபது வருஷத்தையும் முடிச்சுடுவே போலிருக்கேன்னு சொன்னேன். சும்மா என்னையே பார்த்துட்டு நின்னான். ஒரு பத்து நிமிஷம் இருக்கும்னு வெச்சுக்கோ. வாங்க வந்த காபித்தூளைக் கவுண்டர்லயே வெச்சுட்டு, படகுக்கு அஞ்சு லிட்டர் பெட்ரோல் மட்டும் வாங்கிட்டுப் போனான். மனுஷன் கூச்சப்படறான்னு நினைச்சேன்.”

நூருன் இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கடை திறப்பது ஒன்பது மணிக்கு. எட்டு நாற்பதுக்கு ஸ்கார் உச்சியில் இருந்த ஹால்வர் ஒன்பது மணிக்குக் கடை வாசலில் நிற்க முடியாது. நூருன் ஸ்கார் நோட்டைப் பார்க்கவில்லை, அதனால் அவளுக்கு அது உறைக்கவில்லை. ரங்னாவுக்கு எல்லாம் உறைத்தது. பிரைனிப்பில் அவள் எழுதிய பெயர் அவனுக்குத் தெரிந்துவிட்டது. யார் எழுதினார்கள் என்று அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெட்ரோல் வாங்கியிருக்கிறான், ஃபியோர்டைத் தாண்டிப் போயிருக்கிறான். சாத்தியிருந்த கொட்டகைக் கதவுக்குப் பின்னால் படகு இல்லை. பிரைனிப் மலை ஃபியோர்டின் அந்தப் பக்கம் இருக்கிறது. பத்து மலைகளில் அதுதான் செங்குத்து. நல்ல காலே அங்கே வழுக்கும், அவன் வீங்கின முழங்காலோடு, மழையில். பதினோரு பேரும் நாயும் இந்தப் பக்கம்.

அவள் எழுந்தாள். இந்தத் தடவை யாரும் உட்காரச் சொல்லவில்லை, முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். அலமாரியிலிருந்து ரேடியோவை எடுத்தாள். அதில் பேசினால் மலையில் இருக்கிற பதினோரு பேருக்கும் கேட்கும், படகுத்துறையில் நிற்கிற போலீஸ்காரருக்குக் கேட்கும், இந்தச் சமையலறைக்கும் கேட்கும். அஸ்லாக்கை மட்டும் தனியாகக் கூப்பிட ஒரு வழி இருந்திருக்கலாம். அவளுக்கு அது தெரியவில்லை. தேட நேரமும் இல்லை.

“அஸ்லாக், நான் ரங்னா பேசறேன். ஹால்வர் இன்னிக்கு ஸ்கார் ஏறவே இல்ல. அந்தப் பேரை எழுதினது நான். வழியில பார்த்தேன்னு சொன்னதும் பொய். அவன் படகு எடுத்துக்கிட்டு பிரைனிப்புக்குப் போயிருக்கான்.”

ரேடியோ கரகரத்தது. வாஃபிள் சட்டியில் மாவு கருகுகிற வாசனை வந்தது, ஒருவரும் அதை எடுக்கவில்லை. நூருன் கையில் கத்தியோடு அப்படியே நின்றாள். பிறகு அஸ்லாக் குரல் வந்தது. அவன் ரங்னாவிடம் பேசவில்லை.

“எல்லாரும் கேட்டீங்கல்ல. நில்லுங்க. அப்படியே திரும்பி இறங்குங்க. ரெண்டு பேர் ஓடிப் போய்ப் படகுகளைத் தயார் பண்ணுங்க.” அதை முடித்துவிட்டு, “ரங்னா, நான் தெரிஞ்சுக்க வேண்டியது வேற ஏதாவது இருக்கா?” என்றான்.

“இல்ல.”

“சரி.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அஸ்லாக் திட்டவில்லை, அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. சமையலறையில் பெண்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். கருகினதைச் சுரண்டிப் போட்டுவிட்டு மறுபடி மாவு ஊற்றினார்கள். ஒருத்தி அவள் முன்னால் காபியை வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தாள். நூருன்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.  ஆயுளில் முதல் தடவையாக நூருனுக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போனது. ரங்னா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தைவிட அருவருப்பு அதிகமாக இருந்தது. புருஷன் மானத்தைக் காப்பாற்றத்தான் வாயை மூடியிருந்தேன் என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். காப்பாற்றினது தன் மானத்தைத்தான் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

ஸ்காரிலிருந்து இறங்கி, படகில் ஏறி, ஃபியோர்டைத் தாண்டி, மறுபடி மலை ஏற இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. நாய்தான் கண்டுபிடித்தது. பிரைனிப் உச்சிக்கு இருநூறு மீட்டர் கீழே, பாறைச் சரிவில் கிடந்தான். மழையில் இளகிய ஒரு கல் புரண்டு வந்து வலது காலை முழங்காலுக்குக் கீழே அழுத்திப் பிடித்திருந்தது. போனை வழக்கம் போல் வீட்டு மேஜையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். உயிர் இருந்தது. நினைவும் இருந்தது. நான்கு பேர் சேர்ந்து கல்லை நகர்த்தினார்கள். தூக்குக் கட்டிலில் வைத்துத் தண்ணீர் வரை சுமந்தார்கள். ரங்னா துறையில் காத்திருந்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவன் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். கண் மூடியிருந்தது. ஏறட்டுமா என்று அவள் யாரையும் கேட்கவில்லை, அவளாகவே ஏறி ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

நகரத்து ஆஸ்பத்திரியில் வலது காலை எடுத்துவிட்டார்கள். சின்ன வயது டாக்டர், நல்ல பையன். ரத்தம் ஓடாமல் ஒரு கால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று படம் போட்டு விளக்கினான். ஆறு மணி நேரம், சில பேருக்கு ஏழு. இவருக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றான். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று ரங்னா கேட்டாள். உறுதியாகச் சொல்ல முடியாது, ஒருவேளை முடிந்திருக்கும் என்றான் அவன். நீங்கள் எல்லாரும் உங்களால் முடிந்த வேகத்தில் வந்தீர்கள், அதை நினைத்துச் சமாதானம் அடையுங்கள் என்றும் சொன்னான். அவள் தலையாட்டினாள். நடைபாதைக் கோடியில் இருந்த கழிப்பறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அழுதாள்.

நான்காம் நாள்தான் ஹால்வர் சரியாகப் பேசினான். மத்தியானம். அறைக்குள் நல்ல வெயில். முகத்தை யாரோ சவரம் செய்து விட்டிருந்தார்கள், பல மாதங்களுக்குப் பிறகு பழைய ஹால்வர் மாதிரி தெரிந்தான். போர்வை வலப்பக்கம் பாதியோடு தட்டையாகக் கிடந்தது. அதைப் பார்க்காமல் இருக்க ரங்னா நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். நான்கு நாளாக மனதுக்குள் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் சொல்ல வாயெடுத்தாள். ஏன் எழுதினாள், எப்போது எழுதினாள், எப்படி அவனிடம் சொல்ல நினைத்திருந்தாள். அவன் தலையை அசைத்து வேண்டாம் என்றான். பிரைனிப்பில் ஏறிக் காட்டப் போகவில்லை, நோட்டில் அந்தப் பெயரை அடித்துவிடத்தான் போனேன் என்றான். அங்கே மட்டும் அடித்தால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தானாம். அதுவும் முடியவில்லை.

ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினான். பிறகு மெதுவாக ஆரம்பித்தான்.

“நான் கிடந்த இடத்துலேர்ந்து ஸ்கார் நேரா தெரியும், ரங்னா. தண்ணிக்கு அந்தப் பக்கம். மழை விட்டதும் மேகம் கொஞ்சம் விலகிச்சு. முதல்ல ஆரஞ்சுச் சட்டைங்க தெரிஞ்சுது. அப்புறம் விளக்கு. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினேன். பதினொண்ணு. ஏரிக்கரையில வரிசையா போச்சு. நான் இங்க இருக்கேன்னு கத்தினேன். நடுவுல ஃபியோர்டு, யாருக்குக் கேக்கும்.”

அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் இழுத்துக்கொள்ளவில்லை.

“அங்க எதுக்குடா தேடறாங்கன்னு யோசிச்சேன். அப்புறம் புரிஞ்சுது, அங்கயும் என் பேர் இருக்குன்னு. சரி, ரங்னா சொல்லிடுவான்னு நினைச்சேன். இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவான்னு அந்த விளக்குங்களையே பார்த்துட்டு இருந்தேன். காலு மரத்துப்போச்சு. கண்ணை மூடினா தூங்கிடுவேன்னு பயம். திடீர்னு எல்லா விளக்கும் ஒரே சமயத்துல நின்னுது. கொஞ்ச நேரம் அப்படியே நின்னுது. அப்புறம் ஒவ்வொண்ணா திரும்பி இறங்க ஆரம்பிச்சுது. நீ சொல்லிட்டேன்னு அப்ப தெரிஞ்சுது. அப்பதான் அழுதேன். அத்தனை பேர் நடுவுல நீ தனியா நின்னு அதைச் சொல்லியிருக்கியேன்னு.”

ரங்னாவால் தாங்க முடியவில்லை. அவன் இரக்கப்படுவதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. டாக்டர் சொன்ன கணக்கு அவனுக்குத் தெரியாது, தெரியாமல்தான் இப்படிப் பேசுகிறான் என்று நினைத்தாள். இதையும் மறைத்துவிட்டு இவன் பக்கத்தில் இனி உட்கார முடியாது என்று தோன்றியது.

“ரெண்டு மணி நேரம் ஆச்சு, ஹால்வர், நான் அதைச் சொல்ல. அஸ்லாக் ஆறு மணிக்கே என்னைக் கேட்டான். நான் எட்டு மணிக்குத்தான் சொன்னேன். அந்த ரெண்டு மணி நேரத்துலதான் உன் கால் போச்சு.”

அவன் அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தான்.

“தெரியும்,” என்றான். “நான்தான் பார்த்துட்டு இருந்தேனே.”